எமிலியானோ சாலா போன அந்தச் சிறு விமானம் கடலில் விழுந்தது எப்படி?

கேள்வி: 2019-இல் அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்ததற்கு உண்மையான காரணம் என்ன? எஞ்சின் கோளாறா, மோசமான வானிலையா, விமானியின் தவறா? அவ்வளவு பெரிய தொகைக்கு ஒப்பந்தமான வீரர் ஏன் அப்படி ஒரு பழைய விமானத்தில் ஏறினார்?

பதில்:

எஞ்சின் நின்றுபோய் அந்த விமானம் விழவில்லை. எக்ஸாஸ்ட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் கசிந்திருந்தது. இரவு நேரம், மேகம் வேறு. விமானத்தைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்த விமானி ஒரு திருப்பத்தில் கட்டுப்பாட்டை இழந்தார். வேகம் எல்லை மீறி, தண்ணீரைத் தொடும் முன்பே விமானம் உடைய ஆரம்பித்துவிட்டது. பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச்சில் வெளியிட்ட இறுதி அறிக்கையின் சாரம் இதுதான். ஆனால் அந்த அறிக்கையை முழுக்கப் படித்தவர்களுக்கு மனதில் நிற்பது வேறு விஷயம். அந்த விமானம், அந்த விமானியுடன், ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு அன்று இரவு கிளம்பியே இருக்கக் கூடாது. அதைத் தடுக்கும் பொறுப்புள்ள ஒருவர்கூட அந்த ஏற்பாட்டில் இல்லை. என்னைப் பொறுத்தவரை விபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சாலாவுக்கு அப்போது 28 வயது. பிரான்ஸின் நான்ட் அணியிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் சிட்டி அணிக்கு மாறிக்கொண்டிருந்தார். பேசப்பட்ட தொகை சுமார் 1.5 கோடி பவுண்டு. கார்டிஃப் அணி அதுவரை எந்த வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஒப்பந்தம் முடிந்ததும், ஜனவரி 19 அன்று அதே விமானத்தில், அதே விமானியுடன் நான்ட் நகருக்குத் திரும்பினார். பழைய அணித் தோழர்களிடம் விடைபெற்று, சாமான்களை எடுத்துக்கொண்டு 21-ஆம் தேதி கார்டிஃப் போவதாகத் திட்டம்.

அந்தப் பயணம் முதலில் 21-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத்தான் வைக்கப்பட்டிருந்தது. தோழர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று சாலா கேட்டதால் மாலைக்குத் தள்ளிப்போனது. இதில் அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எந்தப் பயணியும் கேட்கக்கூடியதுதான். ஆனால் பகல் பயணம் இரவுப் பயணமாக மாறியபோது எல்லாமே மாறிவிட்டது. விமானி இரவில் பறக்கும் தகுதி பெற்றவர் அல்ல. ஒரு முறையான விமான நிறுவனமாக இருந்தால் நேரம் மாறிய அந்தக் கணமே, "அப்படியென்றால் வேறு விமானி, வேறு விமானம், இல்லாவிட்டால் நாளைக் காலை" என்று சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை.

விமானம் பைப்பர் மாலிபு. 1984-இல் செய்யப்பட்டது. முன்னால் ஒரே ஒரு பிஸ்டன் எஞ்சின், ஆறு பேர் உட்காரும் அளவுக்குக் கேபின். பழையது என்பதாலேயே அது மோசமான விமானம் ஆகிவிடாது. நன்றாகப் பராமரித்தால் நாற்பது ஆண்டு விமானங்களும் பத்திரமாகப் பறக்கின்றன. வயதைப் பற்றி ஊடகங்கள் நிறைய எழுதின. நான் அதற்கு அவ்வளவு எடை கொடுக்க மாட்டேன். எஞ்சின் ஒன்றுதான் இருக்கிறது, கீழே ஜனவரி மாதக் கடல், நேரம் இரவு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்குக் கவலை தரும் விஷயம்.

பிரிட்டன் நேரப்படி இரவு ஏழு மணிக்குப் பிறகு நான்ட் நகரிலிருந்து கிளம்பினார்கள். கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் விதிகளின்படிதான் பறந்தார்கள். அதாவது மேகத்துக்குள் நுழையக் கூடாது, விலகியே போக வேண்டும். அன்று அந்தப் பாதையில் மழை மேகக் கூட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. சுமார் 5,000 அடியில் வந்துகொண்டிருந்த விமானி, மேகத்தைத் தவிர்க்க உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஜெர்சி தீவின் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டார். அனுமதியும் கிடைத்தது. இரவு 8 மணி 16 நிமிட வாக்கில் ராடாரிலிருந்து விமானம் மறைந்துவிட்டது. கெர்ன்சி தீவுக்கு வடக்கு-வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு அது. ஆபத்து என்று ஒரு வார்த்தைகூட ரேடியோவில் வரவில்லை.

இருட்டில் கடலுக்கு மேல் மேகத்தில் நுழைவது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பகலில் விமானிக்கு அடிவானம் தெரியும். நகரத்துக்கு மேல் இரவில் பறந்தால் விளக்குகளாவது தெரியும். கடலுக்கு மேல் நிலவில்லாத இரவில், மேகமும் சேர்ந்தால், வெளியே ஒன்றுமே இல்லை. அப்போது உடம்பு சொல்வதை நம்பத் தோன்றும். ஆனால் நம் உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கோ நேராகப் போவதாகவே இருக்கும். சாய்ந்த விமானத்தின் மூக்கு தானாகக் கீழே இறங்கும், வேகம் ஏறும். உயரம் குறைவதைப் பார்த்து விமானி கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார். சாய்வைச் சரிசெய்யாமல் இழுத்தால் திருப்பம் இன்னும் இறுகும், இன்னும் வேகமாக இறங்கும். முதலில் இறக்கைகளை நேராக்கு, பிறகு இழு என்பது பயிற்சியில் வரும் பாடம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் விட்டுப்போனவருக்கு அந்த நொடியில் அது கைக்கு வராது.

1999 ஜூலை 16 அன்று அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன், மனைவியையும் அவருடைய சகோதரியையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிச் சென்ற பைப்பர் சரடோகா விமானம் மார்த்தாஸ் வினியார்ட் தீவருகே கடலில் விழுந்ததும் இப்படித்தான். மூவரும் இறந்தார்கள். விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. மங்கலான இரவில், தண்ணீருக்கு மேல் இறங்கும்போது திசை உணர்வு தவறிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்றே விசாரணை முடிவு சொன்னது. சாலா விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயு கசிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கசிவு இல்லாமலே அந்த இரவில் அந்தப் பயணம் ஆபத்தானதுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து, விமானம் உடைந்த விஷயம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. அதற்குக் கீழே இருந்தால் கைப்பிடியை முழு அளவுக்கு இழுத்தாலும் இறக்கையும் வாலும் தாங்கும். அதற்கு மேலே போய்விட்டால் பலமாக இழுப்பதே கட்டமைப்பை முறித்துவிடும். கட்டுப்பாடு தவறி இறங்கும்போது இந்த விமானம் அந்த வரம்பைப் பெரிதும் தாண்டியிருந்தது. கடலில் மோதிய வேகம் மணிக்கு சுமார் 270 மைல் என்று கணக்கிட்டார்கள். அதாவது 430 கிலோமீட்டருக்கும் மேல். உயிர்காப்பு உடை போட்டிருந்தால் பிழைத்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விமானி கட்டுப்பாட்டோடு மெதுவாகத் தண்ணீரில் இறக்கினால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. சிறு விமானங்களை அப்படி இறக்கியவர்கள் பலர் உயிரோடு வெளியே வந்திருக்கிறார்கள். இந்த வேகத்தில் மோதும்போது எந்த உடையும் உதவாது.

சரி, கார்பன் மோனாக்சைடுக்கு வருவோம். இதற்கு நிறமில்லை, மணமில்லை. பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்டில் நிறைய இருக்கும். பல சிறு விமானங்களில் கேபினைச் சூடாக்குவது எப்படியென்றால், கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதன் வழியாக வெளிக்காற்றை ஓடவிட்டு, சூடான அந்தக் காற்றை உள்ளே அனுப்புவார்கள். குழாயில் ஒரு சின்ன விரிசல் விழுந்தாலும் புகை அந்தக் காற்றோடு கலந்து உள்ளே வந்துவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று வழிகளை மூடி வைத்திருப்பார்கள். அதனால்தான் இது குளிர்காலத்தில் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, சோர்வு. பிறகு குழப்பம், முடிவெடுக்க முடியாத நிலை. அப்புறம் மயக்கம். இதில் கொடுமை என்னவென்றால், தனக்கு ஏதோ ஆகிறது என்று உணர வேண்டிய மூளையையே அது முதலில் மந்தமாக்கிவிடுகிறது. சாலாவின் ரத்தத்தில் 58 சதவீத ஹீமோகுளோபினை இந்த வாயு பிடித்திருந்தது. 50 சதவீதத்துக்கு மேல் போனாலே ஆரோக்கியமானவருக்கும் உயிராபத்து என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். விமானம் மோதியபோது அவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்திருப்பார் என்று 2022 மார்ச்சில் மரண விசாரணை ஜூரி முடிவு செய்தது. தலையிலும் உடம்பிலும் ஏற்பட்ட காயங்களே மரணத்துக்குக் காரணம் என்றும் அதே ஜூரி சொன்னது.

விமானியின் உடல் கிடைக்கவே இல்லை. அதனால் அவர் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போனது. இருவரும் ஒரே கேபினில் ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள். அவரும் பாதிக்கப்பட்டிருப்பார் என்றே விசாரணையாளர்கள் சொன்னார்கள். ஆனால் கடைசி நிமிடங்களில் விமானம் திரும்பிய விதத்தைப் பார்த்தால், யாரோ கையால் ஓட்டிக்கொண்டிருந்தது தெரிகிறது. ஆக அவர் முழு மயக்கத்தில் இல்லை. அரைகுறைத் தெளிவில், தனக்குப் பழக்கமில்லாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவரை மட்டும் வில்லனாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏறியது அவர் தவறுதான். ஆனால் அந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக முடியாது.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது என்பதும் சொல்ல வேண்டியது. இந்த அளவு விமானங்களில் கறுப்புப் பெட்டி கிடையாது. ராடார் பதிவு, ரேடியோ பேச்சு, கடலடிப் படங்கள், பிரேதப் பரிசோதனை, இவ்வளவுதான் கையில். கடலிலும் வானிலும் தேடியவர்கள் ஜனவரி 24 அன்று தேடலை நிறுத்தினார்கள். உயிர் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பது அவர்கள் கணிப்பு. குடும்பத்தினர் விடவில்லை. உலகம் முழுக்க ரசிகர்களும் வீரர்களும் பணம் போட்டு, மூழ்கிய கப்பல்களைத் தேடுவதில் பேர்பெற்ற டேவிட் மியர்ன்ஸ் தலைமையில் தனியார் தேடல் ஏற்பாடானது. இதற்கிடையில் பிரான்ஸின் கோட்டன்டான் கரையில் இருக்கை மெத்தைகள் ஒதுங்கின. பிப்ரவரி 3 அன்று, ஒலி அலைகளால் கடல்தரையைப் படம்பிடிக்கும் சோனார் கருவி 68 மீட்டர் ஆழத்தில் சிதைவைக் காட்டியது. சாலாவின் உடல் சில நாட்களில் மீட்கப்பட்டது.

சிதைவை மேலே கொண்டுவர எடுத்த முயற்சி மோசமான வானிலையால் நின்றது. கிடைத்த காணொளியே போதும், எடுத்தால் புதிதாகப் பெரிதாக எதுவும் தெரிய வராது என்று பிறகு முடிவெடுத்தார்கள். குடும்பத்துக்கு அதில் வருத்தம். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எக்ஸாஸ்ட் குழாயின் எந்த இடத்தில் விரிசல் விழுந்தது என்று கையில் எடுத்துப் பார்த்திருந்தால், அதே வகை விமானங்களை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு அது நேரடியாக உதவியிருக்கும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. சொந்த கார் ஓட்ட உரிமம் உள்ளவர் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றக் கூடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும் அல்லவா? விமானத்திலும் அதே கணக்குத்தான், விதிகள் மட்டும் பல மடங்கு கடுமை. அந்த விமானியிடம் இருந்தது தனியார் விமானி உரிமம். நண்பர்களை ஏற்றலாம், செலவில் தன் பங்கையும் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் கூலி வாங்கிப் பறக்க முடியாது. அந்த வகை விமானத்துக்கான தகுதியும் 2018 நவம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவரிடம் வாடகை விமானம் நடத்தும் சான்றிதழ் இல்லை. அப்படிச் சான்றிதழ் வைத்திருந்தாலும், ஒரே பிஸ்டன் எஞ்சின் உள்ள விமானத்தில் இரவில் பயணிகளை வாடகைக்கு ஏற்றிச்செல்ல அங்கே விதி இடம் கொடுக்காது.

2021-இல் கார்டிஃப் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளியான விவரங்கள் மனதைக் கலங்க வைப்பவை. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு வான்வெளி விதிமீறல்களில் சிக்கியதால், இந்த விமானியை இனி ஓட்ட விடாதீர்கள் என்று விமானத்தைக் கவனித்துவந்த உரிமையாளர் தரப்பே ஏற்பாட்டாளரிடம் சொல்லியிருந்தது. சாலாவின் பயண நாளில் தான் மனைவியோடு வெளியூரில் இருந்ததால், ஏற்பாட்டாளர் அதே விமானியைத்தான் கூப்பிட்டார். இந்தத் தொழிலில் நாம் இருவரும் சம்பாதிக்கலாம், ஆனால் அதிகாரிகளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்ற பொருளில் முன்பு அவர் அந்த விமானிக்கு அனுப்பிய செய்தியும் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. விபத்துச் செய்தி வந்ததும், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று சிலருக்குச் செய்தி அனுப்பினார். விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படுத்திய குற்றத்துக்கு அவருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சாலாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்திருக்கும்? விமானம் நிற்கிறது, விமானி இருக்கிறார், ஏஜென்ட் தரப்பு ஏற்பாடு செய்திருக்கிறது. வழக்கமான பயணிகள் விமானத்தில் வரச் சொன்னதாகவும் அவர் தரப்பு மறுத்துவிட்டதாகவும் கார்டிஃப் அணி சொன்னது. பாரிஸ் போய் மாறிப் போகும் நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. விமானத்தில் இருந்தபடி அவர் நண்பர்களுக்கு அனுப்பிய குரல் செய்தியில் களைப்பும் பயமும் தெரிகின்றன. விமானம் உடைந்துவிடும் போலிருக்கிறது என்கிறார். தனக்குச் சரியாகப் படவில்லை என்று உணர்ந்தும், ஏறிவிட்ட பிறகு ஒரு பயணியால் எதுவும் செய்ய முடியவில்லை. அவர் மறைவுக்குப் பிறகு இரண்டு அணிகளும் ஒப்பந்தத் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடின. முதல் தவணையான 60 லட்சம் யூரோவைக் கார்டிஃப் கட்ட வேண்டும் என்று ஃபிஃபா சொன்னதை விளையாட்டு நடுவர் மன்றம் 2022-இல் உறுதிசெய்தது. அது வேறு கதை.

இதே நிலை உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ வந்தால் என்ன கேட்க வேண்டும்? யாராவது சிறு விமானத்தில் உங்களை ஏற்றிச்செல்வதாகச் சொல்லி, நீங்களோ உங்களுக்காக வேறு யாரோ காசு கொடுக்கிறார்கள் என்றால், விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முறையான நிறுவனம் உடனே காட்டும். இழுத்தடித்தால் ஏறாதீர்கள். நேரம் பகலிலிருந்து இரவுக்கு மாறினால் விமானிக்கு இரவுத் தகுதி இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி பற்றியும் கேளுங்கள். இந்த விமானத்தில் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி எதுவும் இல்லை. அன்று அது கட்டாயமும் இல்லை. நிறம் மாறும் மலிவான அட்டைகளைச் சிலர் ஒட்டி வைப்பார்கள். இருட்டில், பாதி மந்தமான மூளையோடு, அதை யார் திரும்பிப் பார்ப்பது? சத்தம் போட்டு உலுக்கும் கருவிதான் தேவை. அது உள்ளங்கையில் அடங்கும், ஒரு மணி நேரம் பறக்க ஆகும் எரிபொருள் செலவைவிடப் பெரிதாக எதுவும் ஆகாது. பயணிகளை ஏற்றும் பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் இதைப் பிரிட்டன் 2025 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஏறியிருப்பவர்கள் எல்லோரும் விமானிகளாகவே இருந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கு தேவையில்லாதது என்பது என் கருத்து, ஏனென்றால் வாயுவுக்கு விமானி, பயணி என்ற வித்தியாசம் தெரியாது.

கருவி கத்தினால் செய்ய வேண்டியது: ஹீட்டரை நிறுத்து, வெளிக்காற்று வரும் வழிகளை எல்லாம் திற, ஆக்சிஜன் இருந்தால் போட்டுக்கொள், கட்டுப்பாட்டு அறைக்கு உடனே சொல், பக்கத்தில் இருக்கும் ஓடுபாதையில் இறங்கு. தலைவலி குறைந்ததுபோல் இருந்தாலும் பயணத்தைத் தொடரக் கூடாது. நல்ல காற்றைச் சுவாசித்தாலும் ரத்தத்தில் ஏறியதில் பாதி வெளியேறவே சில மணி நேரம் ஆகும்.